முப்பது ஒத்திகை

டிசம்பர் 8, திங்கள்

அட்டவணை முடிந்தது. ஏழு வருஷமாகப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குத் தேர்வுப் பொறுப்பு நான்தான். பாட்டனி நடத்துவது பாதி வேலை. எந்தப் பரீட்சை எந்தத் தேதி, யார் எந்த அறை என்று கட்டம் போடுவது மீதி வேலை. யாரிடமும் சொன்னதில்லை, எனக்குப் பிடித்தது இந்த மீதி வேலைதான். ஒரு ஸ்கேலும் மூன்று கலர் பேனாவும் கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவேன்.

போன வருஷம் பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற இன்னொரு பள்ளி எங்களைவிட நல்ல ரிசல்ட் வாங்கிவிட்டது. அதிலிருந்து எங்கள் தாளாளர் சென்னியப்பன் ஐயாவுக்கு நிம்மதி போயிற்று. கிணத்துக்கடவில் டீக்கடைக்குப் போனாலும் அதையே கேட்கிறார்களாம். "அவிய மூணு மாதிரித் தேர்வு வெச்சாங்களாமா. நாம நாலு வெப்பமுங்க டீச்சர்" என்றார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "அஞ்சு வெச்சிரலாமுங்கய்யா" என்றேன்.

ஐந்து சுற்று. சுற்றுக்கு ஆறு பாடம், ஆறு நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி கிடையாது. ஜனவரி 5 தொடங்கி பிப்ரவரி 21 வரை. பொங்கல் வாரத்தையும் செய்முறைத் தேர்வு வாரத்தையும் மட்டும் போனால் போகிறதென்று விட்டிருக்கிறேன். காலையில் வகுப்பில் உட்கார்ந்து படிப்பு, மத்தியானம் ஒன்றரைக்குப் பரீட்சை, ஐந்து மணிக்கு மேல் மறுநாள் பாடத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ். முப்பது தடவை எழுதிய பிள்ளைக்கு மார்ச்சில் நிஜப் பரீட்சை தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று ஐயாவிடம் சொன்னேன். "உங்க புள்ளையும் இந்த வருசம் ப்ளஸ் டூ தானுங்களே, அவளுக்கும் நல்லதாப் போச்சு" என்றார். ஆமாம், கனிஷ்காவும் இதே பள்ளிதான். கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் என்பதால் அவள் வகுப்புக்கு நான் போவதில்லை.

டிசம்பர் 11, வியாழன்

பூக் கேட்டாகிவிட்டது.

ஐயா வீட்டில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் தோட்டத்து மாகாளியம்மனிடம் பூக் கேட்காமல் நடக்காது. பள்ளிக்கூடமும் அவருக்கு வீட்டுக் காரியம்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் காரியத்தைத் தள்ளிப் போட வேண்டியதுதான்.

"சனவரி அஞ்சாந் தேதி மாதிரித் தேர்வு ஆரம்பிக்கலாமா ஆத்தா" என்று ஐயா சத்தமாகக் கேட்டார். அவருடைய பேத்தி நித்யஸ்ரீ, யூகேஜி, இரண்டு பொட்டலத்தையும் ஒரே பிடியில் அள்ளப் பார்த்தாள். பூசாரி, "ஒண்ணுதான் கண்ணு" என்று கையைப் பிடித்தார். யோசித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

யூகேஜி படிக்கிற பிள்ளை நூற்றெழுபது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் அட்டவணையில் அம்மனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

டிசம்பர் 25, வியாழன்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. கனிஷ்கா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் ஐந்தரை வரை எழவில்லை. நான் இரண்டு தடவை எழுப்பினேன். மூன்றாவது தடவை அவள் அப்பா வந்து கதவைச் சாத்திவிட்டார்.

இவர் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். "ஒரு மோட்டார டெஸ்ட் பெஞ்சுல ஒருக்கா ஓட்டிப் பாப்போம், ரெண்டு தரம் ஓட்டிப் பாப்போம். அதுக்கு மேல ஓட்டுனா காயில்தான் பொகையும் புவனா" என்றார். "என்ற புள்ளை மோட்டார் இல்லீங்க" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனேன்.

ஜனவரி 5, திங்கள்

முதல் சுற்று ஆரம்பம். அட்டவணையில் ஒரு பிசகு இல்லை.

ஜனவரி 10, சனி

முதல் சுற்று முடிந்தது. கனிஷ்காவுக்குப் பரவாயில்லை, அரையாண்டை விடக் கொஞ்சம் குறைவு. சீப்பு நிறைய முடி. தண்ணீர் சேரவில்லை போலிருக்கிறது என்று எண்ணெயை மாற்றியிருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

கொழுந்தனார் தோட்டத்தில் பட்டிப் பொங்கல். கனிஷ்கா வர மாட்டேன் என்றாள்; இழுத்துக்கொண்டு போனேன். பானை பொங்கி எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தும்போது அவள் உதடும் அசைந்தது. சரி, பிள்ளை சேர்ந்துகொண்டாள் என்று சந்தோஷமாகக் கிட்டே போனேன். ஆம்பியர் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இதை இவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது பீரியடில் பிசிக்ஸ் தமிழ்வேந்தன் சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "புவனா மிஸ், கொஞ்சம் லேப் பக்கம் வாரீங்களா" என்றார். போனேன். நேற்று நடந்த இரண்டாம் சுற்று பிசிக்ஸ் விடைத்தாளை மேசைமேல் வைத்தார். கனிஷ்காவினுடையது. பெயர், தேர்வு எண், தேதி எல்லாம் அவளுடைய குண்டு எழுத்தில் அழகாக இருந்தது. புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் பென்சிலால் மார்ஜின் போட்டிருந்தாள், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பதினாறு பக்கமும் அப்படியே. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

"மூணு மணி நேரமும் கோடு போட்டுட்டு இருந்திருக்குதுங்க மிஸ். ஹால்ல இருந்த டீச்சர் நல்லா எழுதுதுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றார். பிறகு மெதுவாக, "ஆப்சென்ட்னு போடட்டுங்களா, சைபர்னு போடட்டுங்களா?" என்றார். ஃபெயிலானால் பெற்றோரைக் கூப்பிட்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது என் வேலை. இந்தத் தடவை கூப்பிடுகிறவளும் நான்தான், வருகிறவளும் நான்தான். "இன்னைக்கு ஒண்ணும் போடாதீங்க சார்" என்றேன்.

சாயங்காலம் வீட்டில் அவளைக் கேட்டேன். கத்தக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். கத்தவில்லை. அவளும் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாந் தெரியுதும்மா. கேள்வியப் படிச்சதும் பதிலு வருது. கைதான் எறங்க மாட்டீங்குது" என்றாள். "இன்னைக்கு எழுதுனா நாளைக்கு ஒண்ணு. அது முடிஞ்சா மறுவாரம் மறுபடியும் இதே பிசிக்ஸ். எழுதறதெல்லாம் எங்கீம்மா போவுது?" நான் வாயைத் திறக்குமுன், "மார்ச்சுலயும் நான் போக மாட்டேன். இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றாள்.

என்ன சொல்றா இவ? பப்ளிக் எழுத மாட்டாளாமா? பன்னெண்டு வருஷம் படிச்சது? — மிரட்டுறாளா, நெசமாவே சொல்றாளா? — கண்ணைப் பார்த்தேனே, அது மிரட்டுற கண்ணு இல்லை. ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

ஜனவரி 23, வெள்ளி

கனிஷ்கா பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக் கோப்பில் வைத்ததும் நானே. ஏழு வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை காய்ச்சல் லெட்டரை நம்பி, எத்தனையைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். முகம் எரிந்தது.

என் பாட்டனி வகுப்பில் முப்பத்திநாலு பிள்ளைகள். பெயர் போடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னேன்: இந்த மாதிரித் தேர்வு எப்படி இருக்கிறது? ஒருவன், 'மத்தியானம் சோறு தின்னுட்டு எழுதறோம், கண்ணு சொக்குது' என்று எழுதியிருந்தான். ஒருத்தி, 'எந்தப் பேப்பரும் திருத்தி வர்றதுக்குள்ள அடுத்தது வந்துருது, என்ன தப்பு பண்ணினேன்னே தெரியலை' என்று எழுதியிருந்தாள். பதினொரு தாளில் ஒரே வார்த்தை — 'தூக்கம்.' கடைசியாகப் பிரித்ததில் பச்சை மையில் இப்படி: 'டைம்டேபிள் போட்டவங்க ஒருக்கா எழுதிப் பார்க்கட்டும்.'

முதலில் கோபம் வந்தது. யார் கையெழுத்து என்று கூட எனக்குத் தெரியும். மத்தியானம் அரசாங்கத் தேர்வு அட்டவணையை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஆறு பரீட்சைக்கு இருபத்தைந்து நாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாளாவது உண்டு. காலை பத்து மணிக்கு. என்னுடையதில் ஆறு நாளில் ஆறு, மத்தியானம் ஒன்றரைக்கு. ஒத்திகை என்று பெயர் வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கேயும் நடக்காத ஒரு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இது எப்படி என் கண்ணில் படாமல் போனது? கட்டம் நேராக இருக்கிறதா என்று மட்டும்தானே பார்த்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று நான் பரீட்சை எழுதினேன்.

காலை டிபன் முடிந்ததும் மூன்றாம் சுற்றுக்கு அச்சடித்து வைத்திருந்த தமிழ்க் கேள்வித்தாளில் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கனிஷ்காவைக் கூப்பிட்டு, "நீ சூப்பர்வைசர். மூணு மணி நேரம்" என்றேன். விளையாட்டு என்று நினைத்தாள். நான் உட்கார்ந்து பெயர் எழுத ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாழ்க்கையில் இத்தனை கண்டிப்பான சூப்பர்வைசரைப் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கப் போனால், "வெளிய போகக் கூடாது." இவர் எட்டிப் பார்த்து "உரிச்ச வெங்காயம் எங்கே" என்று கேட்டதற்கு, "அப்பா, ஹாலுக்குள்ள பேசாதீங்க." நான் அரை மணி கழித்து நெளிந்ததும், "புவனா, நேரா உக்காருங்க" என்றாள். அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட இத்தனை நாள் காத்திருந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் சிவப்பு மையால் திருத்தினாள். தொண்ணூறுக்கு ஐம்பத்தேழு. மனப்பாடப் பாட்டில் ஒரு அடியை விட்டுவிட்டேனாம். "ஃபேர் எழுத்து, ஆனா பாயின்ட் இல்லை" என்று ஓரத்தில் குறிப்பு. மூன்று வாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்தாள். நான் தோற்றதில் எனக்கு இத்தனை சந்தோஷம் என்றைக்கும் இருந்ததில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், மத்தியானம் பள்ளியில் மூன்றாம் சுற்றின் முதல் பரீட்சை, எல்லாம் முடிந்து வந்து இங்கிலீஷ். கை வலி. நாற்பத்தொன்பது. சூப்பர்வைசர் நடுவில் தூங்கிவிட்டார், நான் காப்பியடிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளி விட்டு வந்து ஐந்தரைக்குப் பாட்டனி எழுத உட்கார்ந்தேன். என் சொந்தப் பாடம். இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். ஒன்பது கேள்வி வரை ஓடியது. பத்தாவது, மகரந்தச் சேர்க்கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். தெரியாமல் இல்லை. எதற்கு என்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் கனிஷ்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத் தெரியுதாம்மா" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தனியாக இல்லை என்று தெரிந்துகொண்டவள் குரல். நான் பேனாவை மூடினேன். இரண்டு பேரும் போய் வாசலில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றோம். மூன்று நாள் எழுதினதற்கே எனக்கு இப்படி. பதினேழு வயசுப் பிள்ளைக்கு முப்பது நாள் போட்டிருக்கிறேன். கண்ணு, மன்னிச்சுக்க என்று சொன்னேன். "போச்சாதும்மா, விடு" என்றாள்.

ஜனவரி 28, புதன்

ஐயாவைப் பார்க்கப் போனேன். அட்டவணையை மாற்ற வேண்டும் என்று சொன்னவுடன் நான் எதிர்பார்த்ததைத்தான் சொன்னார். "பூக் கேட்டு அம்மன் குடுத்த உத்தரவுங்க டீச்சர். வெள்ளப்பூ வந்துச்சு, நீங்களும் பக்கத்துல நின்னீங்க. அத எப்படீங்க மீறுறது?"

பேச்சில் அவரை வெல்ல முடியாது. கனிஷ்காவின் விடைத்தாளை மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து பெயரைப் படித்தார். "உங்க புள்ளைங்களா?" என்றார். "ஆமாங்கய்யா. பப்ளிக் எழுத மாட்டேங்குறா" என்றேன். அஞ்சு வெச்சிரலாம்னு சொன்னதும் நான், கட்டம் போட்டதும் நான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

தாளை மூடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஏனுங்க அம்மணி, அன்னைக்கு ஆத்தாகிட்ட நாம என்ன கேட்டமுங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அஞ்சாந் தேதி ஆரம்பிக்கலாமான்னு கேட்டம். அவளும் சரின்னா, ஆரம்பிச்சுப்போட்டம். அதோட அந்த உத்தரவு தீந்துச்சு. எத்தன வெக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு நாம கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. அது நம்ம புத்தியோட சேந்தது. அந்தப் புத்திதான் நமக்கு இல்லாமப் போச்சு."

இதை எதிர்பார்க்கவே இல்லை. நான் ஒரு வாரமாக அம்மனோடு மல்லுக்கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா இரண்டு வார்த்தையில் அம்மனை விலக்கிவிட்டு என்னையும் தன்னையும் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டார். எழுந்திருக்கும்போது மட்டும், "ரிசல்ட்டு கொறஞ்சுதுன்னா ஊர்ல எல்லாரும் என்னையத்தானுங்க கேப்பாங்க" என்றார். "என்ற பேரச் சொல்லுங்கய்யா" என்றேன்.

மூன்றாம் சுற்று நாளையோடு நிறுத்தம். செய்முறைத் தேர்வு முடிந்த பிறகு ஒரே ஒரு சுற்று. காலை பத்து மணிக்கு, ஒன்று விட்டு ஒரு நாள். இடைப்பட்ட நாளில் திருத்திய தாள் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். பிப்ரவரி 20க்கு மேல் எந்தப் பரீட்சையும் இல்லை, பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்கலாம், வராமல் வீட்டிலும் படிக்கலாம். இந்த அட்டவணையைப் போட எனக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. ஒரே கலர் பேனா.

ஜனவரி 30, வெள்ளி

பெற்றோர் வாட்ஸப் குழு தீப்பிடித்து எரிகிறது. 'அங்க அஞ்சு வெக்கறாங்க, இங்க ஏன் நிறுத்தறீங்க?' 'கடைசி நேரத்துல புள்ளைங்க வாழ்க்கையில வெளையாடறீங்களா மிஸ்?' ஒரு அப்பா நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார், முதல் நிமிஷத்தோடு நிறுத்திவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர், "அவங்க புள்ளைக்கு முடியலைன்னதும் எல்லாத்தையும் மாத்திட்டாங்க" என்று என் காதில் விழும்படி சொன்னார். அது உண்மைதான். என் பிள்ளைக்கு முடியாமல் போயிருக்காவிட்டால் மற்ற நூற்றுச் சொச்சம் பிள்ளைகளைப் பார்த்திருப்பேனா? மாட்டேன்.

தமிழ்வேந்தன் சார் மட்டும் என் மேசையில் ஒரு ஆரஞ்சை வைத்துவிட்டு, "திருத்தித் திருத்தி என்ற கண்ணே போச்சுங்க மிஸ். நல்ல காரியம் செஞ்சீங்க" என்று போனார்.

பிப்ரவரி 4, புதன்

கனிஷ்கா பிசிக்ஸ் செய்முறைத் தேர்வுக்குப் போனாள். போவாளா மாட்டாளா என்று காலையிலிருந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே கிளம்பினாள். மார்ச்சைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

பிப்ரவரி 14, சனி

நேற்று எழுதிய பிசிக்ஸ் இன்றைக்கே திருத்தி வந்துவிட்டது. எழுபதுக்கு முப்பத்தெட்டு. போன வருஷம் இதே மார்க்குக்கு நான் வீட்டை இரண்டு பண்ணியிருப்பேன். இன்று தாளை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் எழுத்து. அடித்து, திருத்தி, அம்புக்குறி போட்டு, அசிங்கமான, அருமையான எழுத்து.

சாயங்காலம் அவளும் தமிழ்வேந்தன் சாரும் வராண்டாவில் நின்று எங்கே மார்க் போனது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து சுற்று போட்ட அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருந்ததே இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

பரீட்சை இல்லாத நாள்கள். கனிஷ்கா ஒன்பது மணி வரை தூங்குகிறாள். எழுந்து இரண்டு மணி நேரம் படிக்கிறாள், அப்புறம் அப்பாவோடு கேரம் போர்டு. நேற்று பொன்மலை வேலாயுதசாமி கோயிலுக்கு நவ்யாவோடு படி ஏறிப் போய் வந்தாள். நவ்யா அவளுடைய ஒரே சிநேகிதி.

எனக்குத்தான் உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. அந்தப் பொள்ளாச்சி ரோட்டுப் பள்ளியில் இன்று ஐந்தாவது மாதிரித் தேர்வு நடக்கிறதாம். தப்புப் பண்ணிவிட்டேனோ? நூற்றெழுபது வீட்டுப் பிள்ளைகளும் இப்படித் தூங்கிக்கொண்டிருந்தால்? கேரம் காய் குழியில் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மார்ச் 2 என்று கேட்கிறது. இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை போனபோது, "அம்மா, நீயும் வாயேன், நாலு பேரு இருந்தாத்தான் நல்லாருக்கும்" என்றாள். மூன்று பேர்தானே இருக்கிறோம் என்றேன். "நீ ரெண்டு ஆளு சத்தம் போடுவே" என்றாள். உட்கார்ந்து விளையாடினேன்.

மார்ச் 2, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. போனாள். எழுதினாள். சாப்பிட்டாள். வேறொன்றும் எழுத எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 13, வெள்ளி

பிசிக்ஸ்.

தமிழும் இங்கிலீஷும் கெமிஸ்ட்ரியும் எழுதிவிட்டாள் என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. இதுதான் அவள் கை இறங்காமல் நின்ற பாடம். காலையில் தோசை ஒன்றரை தின்றாள். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இவர் வண்டியில் ஏறினாள். "வாரேம்மா" என்றாள், அவ்வளவுதான்.

எனக்கு மதுக்கரையில் ஒரு பள்ளியில் தேர்வறைக் கண்காணிப்பு. போனைத் தலைமையாசிரியர் அறையில் வாங்கி வைத்துவிட்டார்கள். பத்து மணிக்கு மணி அடித்தது, கேள்வித்தாள் கொடுத்தேன். இருபது பிள்ளைகளும் குனிந்தார்கள். பதினொரு மணி இருக்கும், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். கிட்டே போகக் கூடாது, பேசக் கூடாது. அவள் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுத ஆரம்பித்தாள். கிணத்துக்கடவில் இதே நேரத்தில் என் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறாள்? எழுதுகிறாளா? கோடு போடுகிறாளா? ஆத்தா, மாகாளி.

ஒன்றே காலுக்கு மணி. தாள்களை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டு, போனை வாங்கி, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரை வந்துதான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டு தடவை தப்பு நம்பர் போயிற்று. எடுத்தது கனிஷ்காதான். ஹலோ கூட இல்லை, பயங்கரக் கோபத்தில் இருந்தாள்.

"அம்மா, டைமே பத்தலம்மா. கடைசி அஞ்சு மார்க்குல டெரிவேஷன் எழுதிட்டேன், படம் போடறதுக்குள்ள பேப்பரப் புடுங்கிட்டாங்க. இன்னும் பத்தே நிமிசம் குடுத்திருந்தா முடிச்சிருப்பேன். எனக்கு அழுகாச்சியா வருது."

என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சரி கண்ணு, சரி சாமி என்று ஏதோ சொன்னேன். வெயிலில் நின்றுகொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், அடங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா, கையில் கீரைக்கட்டு, பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?"

"இல்லீங்க. என்ற புள்ளைக்குப் பரீட்சையில டைம் பத்தலையாமா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போச்சாதுங்க அம்மணி. அடுத்த பரீட்சையில எழுதிப்போடுவா, அழுகாதீங்க" என்றார்.

ஆமாங்க, எழுதிப்போடுவா என்றேன்.